கரையில இருக்கிற எங்கட கல்லை எடுக்காதீங்க: ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிமாருக்கு,

பங்குனி மாசம் எங்கட ஊர் மீனவர் சங்கத்துக்கு நீங்க அனுப்பின கடிதத்தை நான் நாலு தரம் வாசிச்சிட்டன். கடற்கரையை அழகுபடுத்துற வேலை தொடங்கப் போகுது, வாகனம் விட இடம் வேணும், அதால கரையில இருக்கிற சுனாமி நினைவுக்கல்லை எடுத்துட்டு ரோட்டுக்கு இஞ்சால, கட்டடத்துக்குப் பக்கத்தில புதுசா ஒண்டு வைப்பம் எண்டு அதில இருக்கு. பிறகு கூட்டத்துக்கு வந்து கதைச்ச உங்கட ஆள் சொன்னவர், புதுக்கல்லு கருங்கல்லுல, பளபளப்பா, பெரிசா வருமாம், சுனாமியில உயிர் விட்ட எல்லாருக்கும் எண்டு ஒரு வரி மட்டும் இருக்குமாம், பேர் எல்லாம் போட்டால் இடம் காணாதாம், பாக்கவும் வடிவா இராதாம். கூட்டத்தில அரைவாசிப் பேர் தலையாட்டினாங்க. நானும் அண்டைக்கு வாய் திறக்கேல்ல. அதுதான் இப்ப எழுதுறன்.

எந்தக் கந்தோர், எந்த ஊர் எண்டு நான் இதில எழுதேல்ல. வந்தவரின்ர பேரும் எழுத மாட்டன், அவர் மரியாதையாத்தான் கதைச்சவர். எனக்கு ஆரோடையும் சண்டை இல்ல. ஆனா நீங்க நல்லது எண்டு நினைச்சு செய்யப் போறது எங்களுக்கு என்னத்தைச் செய்யும் எண்டு உங்களுக்கு ஆரோ சொல்ல வேணும்.

முதல்ல அந்தக் கல்லைப் பற்றிச் சொல்றன், ஏனெண்டா வந்தவர் அதைக் கிட்டப் போய்ப் பாக்கேல்ல, வாகனத்துக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுத்தவர். கல்லு கல்லு எண்டு நாங்க சொன்னாலும் உண்மையா அது கல்லே இல்ல, கொங்கிரீட் தட்டு. 2005 டிசம்பர்ல, முதலாவது வருசத் திவசத்துக்கு, ஊர்ச் சனம் காசு சேத்துக் கட்டினது. எங்கட ஊர் மேசன் ஒருத்தர்தான் சீமெந்து காய முதல் நாலு அங்குல ஆணியால ஒவ்வொரு பேரா கீறினவர். 31 பேர். மேல இருக்கிற பேர் எல்லாம் ஆறுதலா, பெரிசா இருக்கும், கீழ போகப் போக சீமெந்து இறுகிக்கொண்டு வந்ததால எழுத்து நெருக்கமாகி, கடைசி மூண்டு பேரும் அவசரத்தில கீறின மாதிரி இருக்கும். என்ர அக்கா 19ஆவது. அவட பேர்ல ஒரு சுழி வரும், அந்தச் சுழியில சீமெந்து பேந்துபோச்சு. ஒவ்வொரு வருசமும் டிசம்பர் 25 பின்னேரம் நான் ஒரு சின்ன டப்பா கறுப்பு எனாமல் பெயின்டும் பிள்ளையளின்ர ஆகச் சின்ன பிரஷும் கொண்டு போய் 31 பேரையும் நிரப்பிப்போட்டு வருவன். அந்தச் சுழிக்கு வரேக்க மட்டும் கையை ஊண்டிப் பிடிக்க வேணும், இல்லாட்டி பெயின்ட் ஓடிப்போகும்.

அந்த 31ல ஆறு பேர் முஸ்லிம் ஆக்கள். ஒருத்தர் சிங்கள ஐயா, மீன் ஏத்த லொறியோட வந்து நிண்டவர். அவற்ற பேர் மட்டும் சிங்களத்தில இருக்கு. மேசனுக்கு சிங்களம் எழுதத் தெரியாது, ஆரோ கடதாசியில எழுதிக் குடுத்ததைப் பக்கத்தில வைச்சுப் பாத்துப் பாத்துக் கீறினவர், அதால அந்த எழுத்து கொஞ்சம் சின்னப் பிள்ளை எழுதின மாதிரி உருண்டையா இருக்கும். அவற்ற மகள் இப்பவும் வருசத்துக்கு ஒருக்கா வாறவ. மற்ற 30 பேரும் அவவுக்கு வாசிக்கத் தெரியாது, ஆனா நேரா வந்து தகப்பன்ட பேர்ல கையை வைப்பா.

கல்லின்ர இடப்பக்கத் தூண்ல ஒரு கோடு இருக்கு, அது தண்ணி வந்த உயரம். மேசன்தான் தென்னைமரத்தில ஒட்டியிருந்த குப்பையைப் பாத்து அளந்து கீறினவர். என்ர மகளுக்கு இப்ப 12 வயசு, ஒவ்வொரு வருசமும் அந்தத் தூணோட நிண்டு தன்ர உயரத்தைப் பாப்பா, இப்பவும் கோடு அவட தலைக்கு மேல எட்டாத உயரத்தில இருக்கு. இதை நான் சொல்லிக் குடுக்கேல்ல, அவளா செய்யிறது.

அண்டைக்கு நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணை. காலம்பற அக்கா மீன் வாங்கக் கரைக்குப் போனவ, அவவுக்கு 22 வயசு, எனக்கு 19. முதல்ல வந்த தண்ணி பெரிசா ஒண்டுமில்ல, முழங்கால் அளவுதான், மீன் வாடிக் கொட்டில் நனைஞ்சுபோச்சு எண்டு சனம் கத்திக்கொண்டு சாமானைத் தூக்கினது. பிறகு கடல் உள்ளுக்கு இழுத்தது. நாங்க ஒரு நாளும் காணாத பாறை எல்லாம் வெளிய தெரிஞ்சது, மீன் துடிச்சுக்கொண்டு கிடந்தது, பிள்ளையள் பொறுக்க ஓடிச்சுதுகள், அதுகளைக் கூப்பிட அக்கா இறங்கினவ எண்டு கண்ட ஆக்கள் சொன்னாங்க. கடல் இப்படி உள்ளுக்குப் போனா திரும்பி ஓட வேணும் எண்டு எங்கட ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. சுனாமி எண்ட சொல்லையே அண்டைக்குப் பின்னேரம் ரேடியோவிலதான் கேட்டம். நாடு முழுக்க 35,000க்கு மேற்பட்ட ஆக்கள், கிண்ணியா ஆஸ்பத்திரியே அழிஞ்சுபோச்சு. அந்தக் கல்லு நிக்கிறது அக்கா கடைசியா நிண்ட இடத்துக்கு நேர.

உங்கட கடிதம் வந்த பிறகு எனக்கு நித்திரை இல்ல. மற்ற இடங்கள்ல இதை எப்படி வைச்சிருக்கிறாங்க எண்டு பாக்க வேணும் போல இருந்துது. சித்திரை லீவுக்கு எப்படியும் மலைநாட்டுக்குப் போறதா இருந்தம், வீட்டுக்காரர் வான் வைச்சு ஹயர் ஓடுறவர், அவருக்கு அந்த ரோடெல்லாம் கைரேகை மாதிரி. அவர், நான், பிள்ளையள் ரெண்டு பேர், மாமா, ஐஞ்சு பேரும் புதுவருசத்துக்கு மறுநாள் காலம்பற வெளிக்கிட்டம். பூங்கா, நீர்வீழ்ச்சி எண்டு பிள்ளையளுக்கு ஆசை காட்டிப்போட்டு, அழிவு நடந்த இடங்களைத்தான் முதல்ல பாப்பம் எண்டு நான் கேட்டன். ஒருத்தரும் மறுக்கேல்ல.

ஆனா மலை ஏற முதலே, கந்தளாயிலயே மாமா வானை நிப்பாட்டச் சொல்லிட்டார். குளக்கட்டைப் பாத்துக்கொண்டு கனநேரம் நிண்டார். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20, விடியப்புறம், சனம் நல்ல நித்திரையில இருக்கேக்க இந்தக் கட்டு உடைஞ்சது. 100க்கு மேற்பட்ட ஆக்கள் செத்தது, ஆயிரத்துக்கு மேல வீடு போச்சு, வயல் போச்சு. மாமா அந்தக் காலத்தில கந்தளாய் சீனி ஃபெக்டரியில வேலை. கட்டால பாரமான வாகனம் ஓட விட்டதுதான் காரணம் எண்டு அப்ப கதைச்சவை எண்டு சொன்னார், அதோட தனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்தைப் பற்றி ஏதோ சொல்ல வெளிக்கிட்டு பாதியில நிப்பாட்டிட்டார். நாங்க போன கிழமையோட அதுக்குச் சரியா 40 வருசம்! இந்தக் குளத்தோட சேத்துச் சொல்லுற குளக்கோட்டன் ராசா கதை, பராக்கிரமபாகு ராசா கதை எல்லாம் என்ர பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்தில படிச்சுத் தெரியும், நானும் படிச்சனான், எத்தினை தரம் அந்தக் கட்டால போய் வந்திருப்பன், ஆனா 86ல நடந்தது மாமா வாய் திறந்த பிறகுதான் எனக்கு முழுசாத் தெரிஞ்சது. எங்கட மாவட்டத்தில நடந்தது, வீட்டில இருந்து ஒரு மணித்தியாலத் தூரம். நாங்க நிண்ட இடத்தில கண்ணுக்கு ஒரு கல்லுத் தெரியேல்ல. மாமாவும் இல்லாட்டி எனக்கு ஆர் சொல்லியிருப்பாங்க?

கண்டியில ஒரு இரவு தங்கினம், அதைப் பற்றிச் சொல்ல ஒண்டுமில்ல. கண்டிக்கு அங்கால போகப் போகத்தான் டிட்வா செய்த வேலை தெரிஞ்சது. 2025 நவம்பர் 28 அந்தப் புயல் எங்கட கிழக்குக் கரையாலதான் நாட்டுக்குள்ள வந்தது, எங்களுக்கும் மாவிலாறு பக்கம் கட்டு உடைஞ்சு மூதூர், வெருகல் சனம் பட்ட பாடு தெரியும், ஆனா உயிர்ச்சேதம் கூட நடந்தது மலையிலதான். 600க்கு மேற்பட்ட உயிர். பச்சை மலையில நகத்தால கீறின மாதிரி செம்மண் கோடு கோடா இறங்கியிருக்கு, சில இடத்தில ரோட்டு ஒரு பக்கத்தால மட்டும் விடுறாங்க, ஒரு வளைவில ரெண்டு வீடு நிண்ட இடத்தில வாசல்படி மட்டும் இருக்கு. மகன் எண்ணத் தொடங்கினவன், 40க்குப் பிறகு விட்டுட்டான். இந்த இடங்கள்ல இன்னும் ஒரு கல்லும் இல்ல, இன்னும் மண்ணே அள்ளி முடியேல்ல. நாளைக்கு இங்கயும் ஒரு அதிகாரி வந்து பேர் போட்டால் இடம் காணாது எண்டு சொல்லுவாரோ எண்டுதான் எனக்கு யோசினை போச்சு.

கினிகத்தேனையால திரும்பி நோர்ட்டன் பிரிட்ஜுக்குப் போனம். அங்க ரோட்டோரத்தில ஒரு விமானத்தின்ர டயர் வைச்சிருக்கு. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவில சுரபாயாவில இருந்து ஹஜ்ஜுக்குப் போன ஆக்களோட வந்த மாட்டினேர் விமானம், கட்டுநாயக்கவில இறங்க வரேக்க நிக்கிற இடத்தைப் பிழையா விளங்கி, நேரத்துக்கு முந்தியே பதிச்சு, ஏழு கன்னியர் மலையில மோதினது. யாத்திரை போனவை 182 பேர், விமானத்தில வேலை செய்தவை 9 பேர், 191 பேர்ல ஒருத்தரும் தப்பேல்ல. இந்த நாட்டில நடந்த விமான விபத்துகள்ல ஆகப் பெரிசு அதுதான்.

நான் சொல்ல வந்தது அந்த டயரைப் பற்றி இல்ல. பக்கத்தில தேத்தண்ணி குடிச்ச கடையில வயசான ஒருத்தர் இருந்தவர், பிள்ளையள் கேட்டவுடன கதிரையை விட்டு எழும்பி வெளிய வந்து, கையை நீட்டி, அந்தா அந்த மலை, அந்தப் பக்கம், அண்டைக்கு சத்தம் கேட்டது எண்டு காட்டினவர். முகில் மூடியிருந்தது. மூடினது விலகுமட்டும் எங்களையும் நிப்பாட்டி வைச்சு, விலகினாப்பிறகு திருப்பியும் காட்டினவர். செத்தவை ஒருத்தரும் அவருக்குச் சொந்தமில்ல, ஒரே மொழியுமில்ல, ஒரே சமயமுமில்ல. அந்த 191 பேரின்ர உறவுக்காரர் கடலுக்கு அங்கால. இதை எடுத்து எறிஞ்சா கேக்க இந்த ஊர்ல ஒரு உறவு இல்ல. ஆனாலும் 50 வருசம் தாண்டியும் மலை தெரியிற இடத்தில ஒரு அடையாளம் இருக்கு, அதைக் காட்டுறதுக்கு ஒரு மனுசன் எழும்பி வாறார். கொழும்பில ஒரு மண்டபத்துக்குள்ள அந்த டயரை வைச்சிருந்தா என்ர மகன் அதை ஒரு டயர் எண்டுதான் பாத்திருப்பான்.

அடுத்த நாள் நுவரெலியா, பிள்ளையளுக்குக் குடுத்த வாக்கு, குதிரை ஓடினாங்க, ஸ்ட்ரோபெரி சாப்பிட்டாங்க. அதுக்கு மறுநாள் பண்டாரவளையால இறங்கி கொஸ்லந்தைக்குப் போனம்.

தியலுமை நீர்வீழ்ச்சிக்கு ஒருத்தரிட்டயும் வழி கேக்கத் தேவையில்ல. மீரியபெத்தைக்கு மூண்டு இடத்தில நிப்பாட்டிக் கேட்டம். வீட்டுக்காரரின்ர கூட்டாளி ஒருத்தருக்கு அந்தப் பக்கம் சொந்தம் இருக்கு, அவற்ற சின்னம்மா முறையான ஒரு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போனவ. 2014 ஒக்டோபர் 29, காலம்பற ஏழரை மணி போல, மலை சரிஞ்சு தோட்டத் தொழிலாளர் இருந்த லயம் எண்ட வரிசை வீடுகளை மூடினது. பள்ளிக்கூடம் போன பிள்ளையள் தப்பிச்சுதுகள், திரும்பி வரேக்க லயம் இல்ல, அம்மா அப்பா இல்ல. மண் இறங்கின இடத்தில இப்ப மானாப் புல்லும் செடியும் மூடி, தெரியாத ஆள் பாத்தா இதுவும் ஒரு மலைச்சரிவுதான் எண்டு போயிடுவார். அந்த அம்மா நிண்ட இடத்தில இருந்து அசையாம, விரலால ஒவ்வொரு இடமாக் காட்டி, இந்தா இது கோயில், இது மேல் லயம், இங்க கடை, இங்க தண்ணிப் பீலி எண்டு சொல்லச் சொல்ல என்ர கண்ணுக்கு அந்தப் புல்லுக்கு மேல வீடுகள் எழும்பி வந்துது.

எத்தினை பேர் அம்மா எண்டு நான் கேட்டிட்டன். கேட்டிருக்கக் கூடாது. அவ என்ர முகத்தைப் பாத்து, "எத்தன பேருன்னுதான் வர்றவங்க எல்லாரும் கேக்குறாங்க புள்ள, யாரு யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க" எண்டு சொன்னவ. பிறகு விரல் மடிச்சு ஒவ்வொரு காம்பராவா, அதாவது லயத்தின்ர ஒவ்வொரு அறையா, சொல்லத் தொடங்கினவ. முதலாவது காம்பராவில இன்னார், இன்னாரின்ட மகள், மாசமா இருந்தவ. ரெண்டாவதில கிழவனும் கிழவியும். மூண்டாவதில... நான் அழுதிட்டன், என்ர மகள் அழேல்ல, அவ அந்த அம்மாட விரலையே பாத்துக்கொண்டு நிண்டவ.

அண்டைக்கு நடந்ததை நீங்களும் டீவியில பாத்திருப்பீங்க. முதல் நாள் 200, 300 பேர் புதைஞ்சிட்டாங்க எண்டாங்க, பிறகு 100 எண்டாங்க, பிறகு அதையும் விடக் குறைவு எண்டாங்க, எண்ணிக்கை ஒரு கிழமை மேலயும் கீழயும் போய் வந்தது. அந்த அம்மா மடிச்ச விரல் அண்டைக்கும் இண்டைக்கும் ஒண்டுதான். இன்னொண்டும் இருக்கு, அதுதான் எனக்கு இண்டைவரைக்கும் நெஞ்சில நிக்குது. அந்த மலை சரியும், சனத்தை எடுங்க எண்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் சொன்னது, 2011லயும் சொன்னது. கடதாசியில இருந்தது, அறிக்கையில இருந்தது. அந்தச் சரிவில படுத்து எழும்பின சனத்தின்ர கண்ணுக்கு முன்னால, வாசல்ல, அவையின்ர பாஷையில, இந்த இடம் உங்களைக் கொல்லும் எண்டு ஒரு கல்லு நிண்டிருந்தா? போக வேற இடம் குடுக்காட்டி கல்லு மட்டும் காணாது, அது எனக்கும் தெரியும். ஆனா பைலுக்குள்ள இருக்கிற எச்சரிக்கை அந்த லயத்தில பிறந்த பிள்ளைக்கு எட்டாது.

திரும்பி வரேக்க வெல்லவாய, மொனராகலை எண்டு கிழக்குக் கரைக்கு இறங்கி, கல்முனை, மட்டக்களப்பு, வாகரை எண்டு கடலோட வந்தம். கிண்ணியா பாலத்தில ஏறேக்க இருட்டிப்போச்சு. பின் சீட்டில மகள் சொன்னவ, அம்மா எங்கட கல்லு கோயில் மாதிரி இல்ல, பள்ளிக்கூடம் மாதிரி எண்டு. 12 வயசுப் பிள்ளைக்கு விளங்கினதைத்தான் நான் உங்களுக்கு எழுதப் பாக்கிறன்.

நீங்க சொல்லுற புது இடம் ரோட்டுக்கு இஞ்சால, கட்டட மதிலோட. அங்க நிண்டா கடல் தெரியாது. தண்ணி அந்த இடத்தில எந்த உயரத்துக்கு வந்தது எண்டு காட்ட ஏலாது, ஏனெண்டா அது நிலம் உயரம், அங்க வந்த தண்ணி வேற. கரையில நிக்கிற கோட்டைப் பேத்துக் கொண்டுபோய் அங்க வைச்சா அந்தக் கோடு பொய் சொல்லும். ஜப்பான்ல அநேயோஷி எண்டு ஒரு சின்ன ஊர் இருக்கு. 1933 சுனாமிக்குப் பிறகு அங்க சனம் மேட்டில ஒரு கல்லு வைச்சு, இதுக்குக் கீழ வீடு கட்டாதீங்க எண்டு எழுதி வைச்சது. பிள்ளையள், பேரப்பிள்ளையள் எல்லாம் அதைக் கேட்டு மேலயே இருந்தாங்க. 2011ல கடல் ஏறி வந்து அந்தக் கல்லுக்குக் கொஞ்சம் கீழ நிண்டுபோச்சு, கல்லுக்கு மேல இருந்த வீடுகள் தப்பினது. அந்தக் கல்லை ஆராவது வடிவான இடத்துக்கு மாத்தியிருந்தா அது எந்தக் கோட்டைக் காட்டியிருக்கும்?

பேர் போட்டால் இடம் காணாது எண்டு சொன்னீங்க. எங்கட மேசனுக்கு ரெண்டடி அகலத் தட்டில, கையில ஒரு ஆணியோட, இடம் கண்டது. எல்லாருக்கும் எண்டு ஒரு வரி எழுதினா அந்த சிங்கள ஐயாவின்ர மகள் எந்த எழுத்தில கையை வைப்பா? என்ர அம்மாவுக்கு 70 தாண்டிட்டுது, கண் தெரியாது, 19ஆவது வரியை விரலாலதான் தேடுறவ. பளபளப்பான கல்லில அவவுக்கு என்ன இருக்கு? இன்னொண்டையும் சொல்ல வேணும், கூட்டத்தில காட்டின மாதிரிப் படத்தில தமிழ் வரி ஆகக் கீழ, சின்னதா, அதிலயும் உயிர்நீத்த எண்டதில குறில் போட்டு "உயிர்நித்த" எண்டு இருந்தது. கூட்டத்துக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியாது, நான் அவரைக் குறை சொல்லேல்ல. ஆனா கருங்கல்லில வெட்டினாப்பிறகு அந்தப் பிழையை நாங்க எப்படி அழிக்கிறது? செத்தவை 31 பேர்ல 30 பேர் தமிழ் கதைச்ச ஆக்கள்.

வாகனம் விட இடம் வேணும் எண்டது எங்களுக்கும் விளங்குது. வெளியூர்ச் சனம் வந்தா எங்கட வாடிக்கும் கடைக்கும் வியாபாரம், என்ர வீட்டுக்காரரின்ர ஹயரும் அதிலதான் ஓடுது, நாங்க அபிவிருத்திக்கு எதிர் இல்ல. பழைய வாடி இடிஞ்ச இடம், ரோட்டுக்குத் தெற்குப் பக்கம், சும்மா பத்தையாக் கிடக்குது, சங்கத்தில கேட்டா காட்டுவாங்க, பத்துப் பன்னிரண்டு வாகனம் விடலாம். வாற ஆக்களுக்கு அந்தக் கல்லு கவலையாம், சந்தோசமா இருக்க வாறவைக்கு அது வேண்டாமாம் எண்டு ஒருத்தர் கூட்டத்தில சொன்னது என்ர காதில விழுந்தது. கடல்ல இறங்கப் போற ஆளுக்கு, அந்தக் கடல் உள்ளுக்கு இழுத்தா என்ன செய்ய வேணும் எண்டு தெரிய வேண்டாமா? அண்டைக்கு என்ர அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா அவ பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு ஓடியிருப்பா.

அதால நான் கேக்கிறது இதுதான், ஒவ்வொண்டுக்கும் எழுத்தில பதில் வேணும். வேலை தொடங்க முதல், அந்தக் கல்லை இருக்கிற இடத்தில இருந்து எடுக்க மாட்டம் எண்டு சங்கத்துக்கு ஒரு கடிதம் தாங்க, தமிழ்ல தாங்க. வாகனத் தரிப்பிடத்தை ரோட்டுக்குத் தெற்குப் பக்கம் மாத்துங்க. நீங்க கருங்கல்லுக்கு ஒதுக்கின காசில பழைய கல்லுக்குக் கீழ நல்ல அத்திவாரமும் கடல் பக்கம் ஒரு சின்னத் தடுப்பும் கட்டித் தாங்க, மாரியில அலை ஏறி மண்ணை அரிச்சு இப்ப ஒரு மூலை தொங்குது. புதுக்கல்லும் வைக்கத்தான் வேணும் எண்டா பக்கத்தில வையுங்க, அதிலயும் 31 பேரும் வரட்டும், அதே ஒழுங்கில, அவரவர் குடும்பம் எழுதித் தாற எழுத்தில, வெட்ட முதல் எங்களிட்டக் காட்டிச் சரி பாத்து. தூண்ல இருக்கிற தண்ணிக் கோட்டில கை வைக்காதீங்க, அந்த இடத்தில இருந்து மேட்டுக்கு எந்த ஒழுங்கையால ஓட வேணும் எண்டு மூண்டு பாஷையிலயும் ஒரு போர்ட் போடுங்க, கடல் உள்ளுக்குப் போனா நிண்டு பாக்காம ஓடச் சொல்லி அதில எழுதுங்க. அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வையுங்க, போனமுறை வேலை நாள் காலம்பற பத்து மணிக்கு வைச்சதால கடலுக்குப் போற ஒரு குடும்பமும் வரேல்ல. அந்த மேசன் இன்னும் இருக்கிறார், அவரையும் கூப்பிடுங்க.

டிசம்பர் 26 காலம்பற 9:25க்கு நாடு முழுக்க ரெண்டு நிமிசம் அமைதியா நிப்பம், நீங்களும் உங்கட கந்தோர் வாசல்ல நிப்பீங்க. அதுக்கு முதல் நாள் பின்னேரம் நான் வழக்கம் போல பெயின்ட் டப்பாவோட கரைக்கு வருவன், இந்தமுறை மகளும் பிரஷ் பிடிக்கப் போறா. கல்லு அந்த இடத்தில இருக்க வேணும்.

இப்படிக்கு,
19ஆவது பேரின்ர தங்கச்சி
திருகோணமலை